பாலம் தாண்டிய விதம்

கடைவாய் என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவளேதான். டென்டல் லேபில் வேலை பார்த்தாள். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்கு மெழுகில் பல் செதுக்கி, பீங்கானில் அதை உருவாக்கி, பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற வேலை. வாரமெல்லாம் ஊரார் வாய்க்குப் பல் கட்டிவிட்டு, விடுமுறை நாளில் தன் வாயைத் திறப்பாள். தான் விளையாடி முடித்த வீடியோ கேம்களைப் பற்றி மைக் முன்னால் உட்கார்ந்து பேசுவாள். அந்தச் சேனலுக்குத்தான் கடைவாய் என்று பெயர். "முழுசா மென்னு முழுங்கிட்டுத்தான் பேசுவேன். நக்கிப் பாத்துட்டு ருசி சொல்ற ஆளு நான் இல்ல" என்பது அவள் கொள்கை.

பேச்சு அவளுக்கு நன்றாக வந்தது. எல்லாரும் அலறி ஓடிய ஒரு பேய் விளையாட்டைப் பற்றி, "பேய் வர்ற வரைக்கும் பயமா இருந்துச்சு. வந்தப்புறம் பாவமா இருந்துச்சு. அதுக்குச் சரியா நடக்கவே வரல" என்றாள். பிரம்மாண்டமான போர் விளையாட்டு ஒன்றை முடித்துவிட்டு, "கதை ரெண்டு வரி. மிச்சமெல்லாம் குதிரை" என்றாள். மனசுக்கு நிம்மதி என்று பெயர் வாங்கிய விவசாய விளையாட்டைப் பற்றி, "லேப்ல ஒரு முதலாளி போதாதுன்னு வீட்டுக்கு வந்தா தக்காளி முதலாளி" என்றாள். காட்சிகளின் அழகுக்காகப் பரிசு வாங்கிய ஒன்றை, "அழகாத்தான் இருக்கு. என் கல்யாண ஃபோட்டோகூட அழகாத்தான் இருக்கு" என்று ஒரே போடாகப் போட்டாள். அதைக் கேட்டு, சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அவள் கணவனே கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தான்.

வீட்டில் மூன்றே பேர். அவள், குடோனில் சூப்பர்வைசராக இருந்த கணவன், அவனுடைய அப்பா. மாமனார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற சூட்டோடு பக்கவாதம் வந்து இடது கையைப் பிடித்துக்கொண்டது. பேச்சு திரும்பிவிட்டது, நடை திரும்பிவிட்டது. இடது கட்டைவிரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கிக்கொண்டே இருக்கச் சொன்னாள். "இத்தன வருஷம் ஸ்டியரிங் பிடிச்ச கை, இப்ப இத பிடிக்கணுமா?" என்று அவர் அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார்.

அப்போது அவள்தான், இரண்டு கட்டைவிரலாலும் இயக்குகிற தன் பழைய கன்ட்ரோலரை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அறையில் இருந்த டிவியோடு பழைய கேம் பெட்டியையும் இணைத்து, மீன் பிடிக்கிற விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். "மெதுவா ஆடுங்க மாமா. இதுல யாரும் சாக மாட்டாங்க" என்றாள். "மீனு?" என்று கேட்டார் அவர்.

அதன் பிறகு அவர் என்ன ஆடினார், எதுவரை போனார் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது, விரல் தேறுகிறது என்று பயிற்சிப் பெண் சொன்னாள், அது போதும் என்று இருந்துவிட்டாள்.

அந்த வாரம் அவள் பேச எடுத்துக்கொண்டது ஒரு நரி விளையாட்டு. நரி தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை ஏறி வீடுவீடாகக் கடிதம் கொடுக்கும். பார்க்கக் குழந்தைகளுக்கானது போல இருக்கும். ஆனால் பாதி வழியில் ஒரு கயிற்றுப் பாலம் உண்டு. காற்று ஒரு பக்கம் தள்ளும், பாலம் ஒரு பக்கம் ஆடும். இரண்டு கட்டைவிரலும் ஒரே நேரத்தில் எதிரெதிராக வேலை செய்தால்தான் நரி கீழே விழாது. பாலத்தில் மாட்டிக்கொண்டேன், என்ன செய்வது என்று பலர் அவளுக்கு எழுதியிருந்தார்கள்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து, மைக்கைப் போட்டு, நல்ல வேகத்தில் இருந்தாள்.

"பாலத்துல மாட்டிக்கிட்டவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். அது பாலம் இல்லங்க, வடிகட்டி. விளையாடத் தெரிஞ்சவன் அந்தப் பக்கம் போவான், சக்கை இந்தப் பக்கம் நிக்கும். அதுல தாண்ட முடியலன்னா கேம குத்தம் சொல்லாதீங்க. உங்க கைய குத்தம் சொல்லுங்க. அப்படியும் வரலையா? கன்ட்ரோலர ஒழுங்கா ஒயரச் சுத்தி ஓரமா வெச்சுட்டு வேற வேலையப் பாருங்க."

பேசி முடித்ததும் தனக்கே சிரிப்பு வந்தது. அதையும் வெட்டாமல் அப்படியே ஏற்றிவிட்டாள். மாலைக்குள் கேட்டவர்கள் எல்லாரும் வடிகட்டி, வடிகட்டி என்று எழுதித் தள்ளினார்கள்.

இதில் யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. அவளும் அந்தப் பாலத்தில் விழுந்தவள்தான். விழுந்து விழுந்து, எரிச்சலில் பல்லைக் கடித்து, கடைசியில் செட்டிங்ஸ் பக்கம் போனாள். அங்கே துணைக்காற்று என்று ஒன்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டால் நரி சாயும்போதெல்லாம் எதிர்ப்பக்கமிருந்து ஒரு காற்று வந்து தாங்கிப் பிடிக்கும். போட்டாள், தாண்டினாள், உடனே அணைத்தாள். அடுத்த வீட்டுக் கடிதத்தைக் கொடுப்பதற்குள் அதை மறந்தும்விட்டாள். மறக்க வேண்டும் என்று நினைத்து மறப்பது அவளுக்குக் கைவந்த கலை.

சாயங்காலம் அவள் மேஜையில் பழைய கன்ட்ரோலர் இருந்தது. ஒயர் ஒழுங்காகச் சுற்றப்பட்டிருந்தது.

"என்ன மாமா, ஆடலையா?"

"போதும்மா. கை வலிக்குது" என்றார் அவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். 

கை வலிக்கிறதோ என்னவோ, டாக்டரிடம் கேட்க வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். துணி மடிக்கும்போது கணவனிடம் அதைச் சொன்னாள். அவன் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தான்.

"கை வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ பேசினது அப்பா ரூம்ல கேட்டுச்சு."

"எது?"

"எல்லாந்தான். அவரு மீன் புடிக்கறத விட்டே ரொம்ப நாளாச்சு. அந்த நரியத்தான் ஆடிட்டு இருக்காரு. என்னத்தான் போட்டுத் தரச் சொன்னாரு. உனக்குத் தெரிய வேண்டாம்னாரு."

"எதுக்குத் தெரிய வேண்டாம்?"

"முடிச்சுட்டு வந்து உன் பக்கத்துல உக்காந்து அவரு அபிப்பிராயத்த சொல்லணுமாம். நீ மைக்குல பேசற மாதிரி. குளிக்கும்போது பேசிப் பாப்பாரு, நான் வெளிய நின்னு கேட்டிருக்கேன்." அவன் சட்டையை மறுபடி எடுத்தான். "பாலத்துலதான் நின்னுட்டு இருந்தாரு. நேத்து பாதி வரைக்கும் வந்துட்டேன்னு சொன்னாரு."

அவன் கத்தியிருந்தால் அவளும் திருப்பிக் கத்தியிருப்பாள். அவன் கத்தவில்லை. சட்டையின் கையை மடித்து, தடவி, அடுக்கில் வைத்தான். அவருடைய கையில் கன்ட்ரோலரை வைத்தவளே அவள். ஒயரைச் சுற்றச் சொன்னவளும் அவள். சொன்னபடியே ஒழுங்காகச் சுற்றி வைத்திருக்கிறார்.

மறுநாள் லேபில் ஒரு முன்பல் அவள் கையில் உடைந்தது. இரண்டாவதாகச் செய்தது நிறம் தப்பியது. லேப் முதலாளியம்மா வந்து எட்டிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தால், "நேத்து பேசினியே, வடிகட்டி! அப்பப்பா! எங்க வீட்டுல எங்க அக்கா அந்தப் பாலத்துலயே நிக்கறா. போட்டுக் காட்டினேன், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா" என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

"போட்டுக் காட்டியிருக்க வேண்டாம் மேடம்."

"அட, ஜாலிக்குத்தானே!"

சாப்பாட்டு நேரத்தில் சேனலைத் திறந்து பார்த்தாள். கேட்பவர்கள் ஒருவரை ஒருவர் சக்கை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர், எனக்கு விரல் மூட்டு வீக்கம், ஆனாலும் ஆடப் பிடிக்கும் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகக் கேலி. எல்லாம் அவள் வார்த்தை, அவள் தொனி. தன் எச்சிலைத் தட்டில் வைத்து நீட்டியது போல இருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்பப் பையில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு மாமனார் அறைக்குப் போனாள். அவர் ஜன்னலோர நாற்காலியில் இடது கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் அவள் பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். நேராகச் சொல்லத்தான் நினைத்தாள். வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"மாமா, அந்த நரி கேம்ல துணைக்காத்துன்னு ஒண்ணு இருக்கு. போட்டுக்கிட்டா பாலம் சுலபமா தாண்டலாம். சில பேரு போட்டுக்குவாங்க."

"யாரு, கை வராதவங்களா?"

"அப்படி இல்ல மாமா..."

"வேண்டாம்மா. சக்கை சக்கையாவே இருக்கட்டும்" என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "நான் போட்டேன் மாமா."

"என்னது?"

"துணைக்காத்து. எனக்கும் தாண்ட வரல. எத்தன தடவ விழுந்தேன்னு எனக்கே தெரியாது. அதப் போட்டுத்தான் தாண்டினேன். அப்புறம் அணைச்சுட்டேன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸில் டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்திருக்கும் தெரிந்தவரைப் பார்ப்பது போல, கொஞ்சம் சங்கடத்தோடு.

"அப்புறம் எதுக்கும்மா அப்படிப் பேசினே?"

இந்தக் கேள்விக்கு அவள் எதையும் தயார் செய்திருக்கவில்லை. "எனக்கு வரலன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு" என்றாள். "நல்லா பேசறேன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த வேகத்துல வந்துடுச்சு. நீங்க கேப்பீங்கன்னு நெனைக்கல மாமா."

"நான் கேக்கலன்னா பரவால்லையா?"

அவள் தலை கவிழ்ந்தது. அவர் பரவாயில்லை என்றோ, விடு என்றோ சொல்லவில்லை. "டீ போட்டா எனக்கும் கொஞ்சம் குடும்மா" என்றார். அவள் எழுந்து போனாள். டீயோடு கன்ட்ரோலரையும் கொண்டுவந்தாள். டீயை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த விடுமுறை நாளில் மைக் முன் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மாமனாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவளுடைய கதை அல்ல. பாலத்தில் தான் விழுந்ததையும், துணைக்காற்று போட்டதையும், போட்டதை மறைத்துக்கொண்டு மற்றவர் கையைக் கேலி செய்ததையும் சொன்னாள். நகைச்சுவையாகச் சொல்லலாமா என்று நடுவில் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. அதை அமுக்கினாள். விரல் மூட்டு வீங்கியவரிடம் மன்னிப்புக் கேட்டாள். பழைய பேச்சைச் சேனலிலிருந்து நீக்கிவிட்டாள்.

வாங்கிக் கட்டிக்கொண்டாள். கடைவாய் சொத்தைப் பல் என்று எழுதினார்கள். இதுவரை முடித்தேன் என்று சொன்னதெல்லாம் புளுகா என்று கேட்டார்கள். குதிரை மேலாவது ஏறினீங்களா, இல்ல அதுக்கும் துணைக்குதிரையா என்றான் ஒருவன். நன்றாகத்தான் இருந்தது, அவளே சொல்லியிருக்கக் கூடியது. கூட்டம் பாதியாகக் கரைந்தது. முதலாளியம்மா மட்டும், "இதெல்லாம் வெளிய சொல்லணுமா?" என்று ஆச்சரியப்பட்டாள்.

மாமனார் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. ஆனால் சில நாள் கழித்து, அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"அந்தக் காத்து எங்க இருக்குன்னு காட்டு."

காட்டினாள். பக்கத்தில் நின்றாள், உட்காரவில்லை. நரி பாலத்தில் கால் வைத்தது, சாய்ந்தது, காற்று தாங்கியது. இடது கட்டைவிரல் நடுங்கிக்கொண்டே நகர்ந்தது. பாலத்தின் நடுவில் அவர் தன்னையறியாமல் வலது காலை பிரேக் மிதிப்பதுபோல் தரையில் அழுத்தினார். நரி அந்தப் பக்கம் இறங்கியதும், "ம்" என்றார். அவ்வளவுதான்.

அந்த மாதக் கடைசியில் விளையாட்டை முடித்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்தபோது அவராகவே சொன்னார்.

"நரி கேமு முடிஞ்சுது."

"எப்படி இருந்துச்சு மாமா?" அவள் குரலில் ஆவல் அதிகமாகத் தெரிந்துவிட்டதோ என்று பயந்தாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு. அத்தன வீட்டுக்கு ஏறி எறங்கிக் கடுதாசி குடுக்குது. ஒரு வீட்டுலயாவது உள்ள வா, தண்ணி குடின்னு சொன்னாங்களா? கடைசி வீட்டுல அந்தக் கிழவன் கடுதாசியப் படிச்சுட்டு அழறான், சரி. நரி வாசல்லயே நிக்குது. அவன் அழுது முடிக்கற வரைக்கும் நிக்குது. யாரு எழுதின கதை இது? அவங்க யாரும் வண்டி ஓட்டிட்டுத் தாகத்தோட எறங்கினதில்ல."

அவள் அந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்திருந்தாள். கிழவன் அழுவதை மலிவான கண்ணீர் என்று மைக்கில் சொல்லவும் சொல்லியிருந்தாள். நரி நின்றுகொண்டிருந்தது அவள் கண்ணில் படவே இல்லை.

"மாமா, இத மைக்குல வந்து சொல்றீங்களா?"

"வேண்டாம்மா" என்றார் அவர் உடனே. "அங்க நான் வரல." பிறகு சாதத்தைப் பிசைந்துகொண்டே, "வேற என்ன கேமு இருக்குன்னு அவன எடுத்துத் தரச் சொல்லு" என்றார்.

கணவன் எடுத்துக் கொடுத்தது, சரக்கு லாரி ஓட்டுகிற விளையாட்டு. அவள் எப்போதோ முடித்துவிட்டு, "தூக்கம் வராதவங்களுக்கு மருந்து" என்று சொன்னது. மாமனாருக்கு அது பிடித்துப்போயிற்று. ஆனால் மலைப்பாதையில் லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்துகிற ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டார். மகனைக் கூப்பிட்டார். அவனுக்கு விளையாட்டைப் போட்டுத் தரத்தான் தெரியும், ஆடத் தெரியாது. அறைக்குள் இரண்டு பேரும் இடதுபக்கம், இல்ல வலதுபக்கம் என்று சண்டை போடுவது சமையலறை வரை கேட்டது. எந்தப் பொத்தானைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். குழாயைச் சின்னதாகத் திறந்து, சத்தம் வராமல் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். அவர் கூப்பிடவில்லை.

கடைசியில் கணவன் வெளியே வந்தான்.

"லாரிய ரிவர்ஸ் எடுக்கறது எப்படின்னு உன்கிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்றான். கொஞ்சம் தயங்கினான். "நீ வர வேண்டாமாம். சொல்லி அனுப்பினா போதுமாம்."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, எந்தப் பொத்தான், எந்த விரல் என்று அவனுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். அவன் மறந்துவிடாமல் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனான்.