பாலத்துக்கும் வாசலுக்கும் நடுவே

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் எழுதிக்கொடுத்த ஒரு பாராட்டுக் கடிதத்திலிருந்துதான் இந்தக் கதை வந்தது. அந்தக் கடிதத்தில் ஒரு வரி பொய். எழுதும்போது எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேன். தைவானில், தாய்னான் நகரத்துத் துணிச்சந்தையில் பிறந்து வளர்ந்தவன் நான்; சாயம் போன ஓரத்தை உள்ளே மடித்துக் காட்டப் பழகிய பிறகுதான் நடக்கப் பழகினேன்.

2

முதல் தொடக்கம்: 'வெள்ளை அங்கியில் வந்த தேவதை அவள், அவளுடைய கண்களில்

(அடித்துவிட்டேன். அன்று அந்த அங்கியில் சோயாபால் கறை இருந்தது.)

இரண்டாவது: லியாவ் சின்-யூ, மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவி, அந்த ஆம்புலன்ஸில் ஏறியிருக்க வேண்டியதே இல்லை.

இது நிற்கும்.

பால்கெண்டை மீன் விற்கும் கிம்-சுய்யின் அம்மாவுக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கடைசி மூச்சு வீட்டுக் கூடத்தில்தான் போக வேண்டும். வெளியே செத்தவருக்கு வாசற்படி கிடையாது; உடலை உள்ளே கொண்டுவந்தால் வீட்டுக்கு ஆகாது. முற்றத்துப் பந்தலோடு சரி. அதனால் தொண்டைக் குழாயோடு, காற்றுப் பையை அழுத்திக்கொண்டே வீடுவரை கொண்டுபோவோம். கூடத்தில் கிடத்திய பிறகுதான் குழாயை எடுப்பது. பத்து நாளாக அந்த அம்மாவுக்குத் தலைவாரிவிட்டவள் சின்-யூ. "பைய நான் அழுத்துறேன்" என்று ஏறிக்கொண்டாள்.

உயிர் வழிதவறிவிடாமல் இருக்க, வழியெல்லாம் கிம்-சுய் அம்மாவின் காதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அம்மா, பாலம் வந்துடுச்சு. தாண்டப் போறோம். பயப்படாத, எங்கூடவே வந்துடு."

பாலத்தின் நடுவில், சின்-யூவின் விரலடியில் கழுத்து நாடி நின்றுபோனது. அவள் பையை விடவில்லை. வீடு வரும்வரை, இன்னும் பதினோரு நிமிடம், அழுத்திக்கொண்டே இருந்தாள்.

3

சில மாதம் கழித்து, நோயாளிகளைக் கனிவோடு பார்த்துக்கொண்ட மாணவருக்குப் பட்டமளிப்பு விழாவில் பரிசு என்று அறிவித்து, குடும்பத்தாரிடம் கல்லூரி கடிதம் கேட்டது. கிம்-சுய் நேரே என் கடைக்கு வந்தார்.

"உனக்கு வாய் நீளம். பேனாவும் அப்படித்தான் இருக்கும். எழுதுடா."

எழுதினேன். 'என் தாயின் இறுதி மூச்சைக் கையில் ஏந்தி, எங்கள் கூடம்வரை கொண்டுவந்து சேர்த்தாள்.' படித்துக் காட்டியதும் மனிதர் அழுதார். அழுதுகொண்டே, கையெழுத்துக்குப் பதில் தன் பெயர் முத்திரையைக் குத்தினார்.

பரிசு அவளுக்கே கிடைத்தது.

4

விழாவுக்கு நான்கு நாள் முன்பு சின்-யூ என் கடையில் வந்து நின்றாள். பாலத்தில் நடந்ததைச் சொன்னாள். பிறகு:

"அந்த வரிய எடுக்கணும், அண்ணே. மேடையில வாசிக்கப் போறாங்க."

"ஒரு வரிதானேம்மா."

"அந்த ஒரு வரிக்குத்தான் பரிசே."

"சரி, 'கொண்டுவந்து சேர்க்கப் பாடுபட்டாள்'னு மாத்திக்கலாமா?"

"மீன்கடையில கூட இவ்வளவு தண்ணி தெளிக்க மாட்டாங்க."

"அப்ப பரிசே வேணாம்னு சொல்லிடேன்."

"ஏன்னு அவரு கேப்பாரு. முத்திரை வெச்சவரு வந்தாத்தான் கடிதத்த மாத்துவோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. எப்படிச் சுத்தினாலும் அவர்கிட்டதான் போய் நிக்கணும்."

"அம்மாவக் கூடத்துல கிடத்தினவரும்மா. செத்த உடம்பத்தான் உள்ள கொண்டாந்தோம்னு தெரிஞ்சா? நாளைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல்னாக்கூட அதனாலதான்னு தெருவே சொல்லும்."

"தெரியும். அதான் இத்தன நாளா வாயத் திறக்கல. அடுத்த மாசத்துலேர்ந்து செத்த நேரத்த எழுதிக் கையெழுத்துப் போடப் போறவ நான். முதல் நேரமே பொய்யா இருந்தா, மிச்சத்த நானே நம்ப மாட்டேன்."

(இந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் அழவைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அழுகிற மாதிரியே அவள் நிற்கவில்லை.)

"நீங்க வர்றீங்களா, இல்ல நான் மட்டும் போகட்டுமா?"

கடையை இழுத்து மூடினேன்.

5

முடிவு ஒன்று: கிம்-சுய் சிரிக்கிறார். "பாலத்துலயே தெரியும் டாக்டரம்மா. அம்மா கை எங்கையிலதான இருந்துச்சு?" மூவரும் அழுகிறோம். கேட்டவுடன் விற்றுப்போகும் சரக்கு. அதனாலேயே எனக்கு இதில் சந்தேகம்.

முடிவு இரண்டு: மீன் வாளியை அவள் காலடியில் கவிழ்த்து, "இனிமே என் மூஞ்சியில முழிக்காத" என்கிறார். இதையும் எழுதி வைத்திருக்கிறேன். வாளி நன்றாக வந்திருக்கிறது, மனிதர் வரவில்லை.

நான் பார்த்தது இவ்வளவுதான். சந்தை ஓய்ந்த முற்பகல். கிம்-சுய் மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தார்.

"வாங்க டாக்டரம்மா! விழாவுக்குச் சட்ட எடுத்துட்டேன், நீலக் கலரு. முன்வரிசையில எடம் போட்டுருக்காங்களாமே எனக்கு!"

"அண்ணே, கத்தியக் கீழ வைங்க. அம்மாவப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

பேச்சை மாற்ற நான் வாயைத் திறந்தேன். என் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தித் தடுத்தாள்.

அவர் கத்தியை வைத்தார்.

இதற்குமேல் நான் எழுத மாட்டேன். எழுதினால் மறுபடியும் அலங்காரம் செய்துவிடுவேன். அவர் அடுத்து என்ன செய்தார் என்பது உங்கள் பாடு: கத்தட்டும், அவள் தலையில் கை வைக்கட்டும், பேசாமல் அடுத்த மீனை எடுக்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை, இதில் பேரம் கிடையாது. அவரைப் பேசவைக்கும் முன், அவளை முழுக்கச் சொல்லி முடிக்க விடுங்கள். எந்தப் பாலம், எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்பது உட்பட.