மனுவின் கடைசித் தாள்

“அடுத்த தாள் இருக்காம்மா? இதுல ஒரு வரிதான் மிச்சம்” என்று யாரோ பரீட்சை அட்டையை நீட்டியபோது, ஜென்சி ஐஸ் பெட்டியின் பிளக்கை இரண்டாம் முறையாகச் செருகிக்கொண்டிருந்தாள். அந்தக் கூடத்து பிளக் பாயிண்ட் எப்போதுமே தொளதொளப்பு. பெட்டி உறுமத் தொடங்கியதும் எழுந்து அட்டையை வாங்கினாள். வாங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பெட்டிக்குள் கிடக்கும் அவளுடைய அப்பா அமிர்தசாமி இரண்டு வருடமாகத் தூக்கிக்கொண்டு அலைந்த மனுவின் கடைசித் தாள் அது. மாநிலத்தில் தூய மின்சாரத்துக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று சட்டமன்றத்துக்கு எழுதிய மனு. நேற்றுக் காலை அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும்போது அதில் ஐந்து கையெழுத்துகள்தாம் இருந்தன. இப்போது இருபத்துநான்கு.

அத்தை சகாயராணி செய்த வேலை. பெட்டிக்கு இடம் ஒதுக்கும்போது மேசையைக் கதவோரம் தள்ளியவள், அட்டையையும் பேனாவையும் அதன்மேலேயே விட்டுவிட்டாள். போன மாதம் இதே தேவாலயப் பங்கில் ஒரு வாத்தியார் இறந்தபோது வாசலில் அஞ்சலி நோட்டு வைத்திருந்தார்கள். அந்த நினைப்பில் வந்த சனம், பெயர், முகவரி, கையெழுத்து என்று கட்டம் கட்டிய தாளைக் கண்டதும், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் போட்டுத் தள்ளிவிட்டது. அனல் மின் நிலையங்களுக்குப் பாய்லர் செய்யும் ஃபாக்டரியில் அப்பாவோடு வெல்டிங் பார்த்த தர்மராஜ், முகவரிக் கட்டத்தில் ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று எழுதியிருந்தார். இந்த மனுவைக் கிழித்துப் போடுவேன் என்று அப்பாவிடம் சண்டைக்கு நின்ற மனிதர் அவர்.

ஜென்சி அட்டையை ரெங்கநாதனிடம் கொண்டுபோனாள். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஸ்ரீரங்கத்துக்காரர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அப்பா என்று பிரித்துக்கொண்டு கையெழுத்து வாங்கியவர்கள். மற்ற தாள்களெல்லாம் அவர் மடியிலிருந்த மஞ்சள் பையில் இருந்தன. சட்டமன்ற மனுக்கள் குழு இன்று கலெக்டர் ஆபீஸுக்கு வந்திருக்கிறது. நான்கு மணிவரைதான் வாங்குவார்கள்.

“அப்படியே கொண்டு போயிடுங்க சார். யாருக்குத் தெரியப் போவுது?” என்றான் ஜென்சியின் கணவன் ஆஸ்டின்.

ரெங்கநாதன் பெட்டியைப் பார்த்தார். “அவருக்குத் தெரியுமே.”

உண்மைதான். முழுத் தாளையும் உரக்கப் படித்துக் காட்டாமல் அமிர்தசாமி யாரிடமும் பேனாவை நீட்டியதில்லை. சத்திரம் பேருந்து நிலையத்தில் அவர் படித்து முடிப்பதற்குள் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் உண்டு. அவரைத் தூரத்தில் கண்டதுமே நடையைக் கட்டியவர்கள் அதைவிட அதிகம்.

“பத்தொம்பது பேரை அடிச்சா தாளே செல்லாதுன்னுடுவா. இதை விட்டுடறேன்மா. மீதியைக் குடுத்துடறேன்” என்றார் ரெங்கநாதன்.

“அப்பா பேரு இதுலதான் சார் இருக்கு.”

ஐந்தாவது வரியில் இருந்தது. ஊரெல்லாம் போட்ட பிறகுதான் நான் போடுவேன், பாய்லர் செய்தவன் முதலில் போட்டால் எவன் நம்புவான் என்று கடைசித் தாள்வரை காத்திருந்த கையெழுத்து.

“அப்ப யாராவது படிச்சுக் காட்டணும்” என்றார் ரெங்கநாதன். அட்டையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

ஜென்சி அந்த மனுவை ஒருநாளும் படித்ததில்லை. ஆஸ்டினும் அதே ஃபாக்டரியில்தான் ஒப்பந்த வேலை பார்க்கிறான். அப்பா அவளிடம் பேனாவை நீட்டிய அன்று வெடுக்கென்று கேட்டுவிட்டாள். “முப்பத்துநாலு வருஷம் பாய்லர் சோறு தின்னுட்டு, இப்ப மருமவன் தட்டுல மண்ணைப் போடுறீங்களாப்பா?” அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “படிச்சுட்டுத் திட்டும்மா” என்று மட்டும் சொன்னார். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நேற்றிலிருந்து அந்த ஒரு பேச்சுதான் அவளை அறுத்துக்கொண்டிருந்தது.

ஜெபமாலை முடிந்ததும், கையெழுத்துப் போட்ட சனம் கலையுமுன் அவள் எழுந்து நின்றாள்.

“எல்லாரும் கொஞ்சம் இருங்க. நீங்க கையெழுத்துப் போட்டது அஞ்சலி நோட்டு இல்ல. அப்பாவோட மனு. படிக்கிறேன். வேணாம்னா அடிச்சிடுங்க, தப்பா நினைக்கமாட்டேன்.”

அப்பாவின் கையெழுத்திலிருந்து ஜெராக்ஸ் எடுத்த தாள். கோணல் மாணலான எழுத்து. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றின் கூரையிலும் சூரிய மின்சாரம். வாடகை வீட்டுக்காரனுக்கும் அதில் பங்கு. நிலக்கரிச் சாம்பல் விழும் ஊர்களுக்குச் சுத்தமான தண்ணீர். அவள் குரல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. நான்காவது கோரிக்கையில் தடுமாறியது.

“அனல் மின் நிலையங்களுக்கான வேலைகளில் இருக்கும்...” நிறுத்தினாள். வரிக்கு மேலே ஒரு கூம்பு போட்டு, பிறகு நினைவு வந்து சேர்த்ததுபோல் ‘ஒப்பந்த’ என்று சின்னதாக எழுதியிருந்தது. “...நிரந்தர, ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர்கூட வேலை இழக்காதபடி, புதிய வேலைகளுக்குப் பயிற்சியும் முதல் உரிமையும் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.”

ஆஸ்டின் தலையைக் குனிந்துகொண்டான். ஜென்சிக்கு அழுகை முட்டியது. அழுதுகொண்டே மீதியையும் படித்தாள், ஒரு வரியையும் விடாமல்.

இரண்டு பேர் வந்து தங்கள் பெயரை அடித்துவிட்டுப் போனார்கள். மூன்றாவதாகத் தர்மராஜ் எழுந்து வந்து கையை நீட்டினார். கூடம் அவரையே பார்த்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்காவது கோரிக்கையைத் தனக்குள் மறுபடி படித்தார்.

“இதை எங்கிட்டயும் படிக்க வந்தான். நான்தான் கதவைச் சாத்திட்டேன்” என்றார்.

‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்பதை அடித்தார். அதற்குப் பக்கத்தில் நெருக்கி நெருக்கித் தன் வீட்டு முகவரியை எழுதினார்.

கடைசி வரியில் ஜென்சி கையெழுத்துப் போட்டாள்.

ரெங்கநாதன் தாளைப் பைக்குள் வைத்தார்.

“குளிக்காமப் போறீங்களே சார்” என்றாள் சகாயராணி.

“சாயங்காலம் அம்மா மண்டபத்துல தீர்த்தமாடிக்கறேம்மா. காவேரி அங்கேயேதான் இருக்கும். கமிட்டிதான் நாலு மணிக்குக் கிளம்பிடும்.” பெட்டிக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றவர், விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

மூன்று மணிக்கு அப்பாவைச் சவப்பெட்டிக்கு மாற்றி வண்டியில் ஏற்றினார்கள். கோவில் மணி விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. குறுகலான ரோடு. ஊர்வலம் ரோடு முழுவதையும் அடைத்துக்கொண்டு நகர்ந்தது. பாதி வழியில் பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. சாவுக்குப் பின்னால் எந்த டிரைவரும் ஹார்ன் அடிக்கமாட்டான். என்ஜினை உறுமவிட்டபடி அடிமேல் அடியாக ஊர்ந்து வந்தான்.

ஜென்சி திரும்பிப் பார்த்தாள். முன் சீட்டில், இப்போதுதான் பஸ் கிடைத்த ரெங்கநாதன் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மணி மூன்றரை ஆகப்போகிறது.

அவள் ஆஸ்டினின் கையைத் தொட்டாள். “என்னங்க, வண்டியைக் கொஞ்சம் ஓரங்கட்டச் சொல்லுங்க.”

“எதுக்கு?”

“பஸ் போகட்டும்.”

அவன் பின்னால் பார்த்தான். பிறகு முன்னால் ஓடினான். வண்டி இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. சனமும் என்னவென்று தெரியாமலே ஒதுங்கியது. பஸ் மெதுவாக அப்பாவை முந்திக்கொண்டு போனது.