பென்சில் எழுத்து

தடால் என்று விழுந்தது. டிவி ரிமோட்டைத் தேடி பீரோவின் மேல் கையை விட்டுத் துழாவிய ஜெகதீஸ்வரன், ரிமோட்டுக்குப் பதிலாக ஒரு தடித்த புத்தகத்தை இழுத்துத் தள்ளிவிட்டான். அது நேராக அவன் கால் கட்டைவிரலில் வந்து இறங்கியது. பன்னிரண்டு வருடமாகப் போர்வெல் வண்டியில் இரும்புக் குழாய்களோடு மல்லுக்கட்டியும் காயம் படாத கால். நொண்டிக்கொண்டே குனிந்து புத்தகத்தை எடுத்தான்.

மனைவி தனப்பிரியா பரீட்சைக்குப் படிக்கிற பொது அறிவுப் புத்தகம். முதல் பக்கத்தில் நூலக முத்திரை. விழுந்த வேகத்தில் விரிந்த பக்கத்தின் ஓரத்தில், வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில், யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்.

'பயப்படாதே. நீ ஒன்றும் மக்கு இல்லை.'

ஜெகதீஸ்வரன் அதை மூன்று தடவை படித்தான். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவன் தனப்பிரியாவிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேறு எவனோ சொல்லியிருக்கிறான்.

கட்டிலில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினான். 'நேற்றே சொன்னேன், மறந்துவிட்டாய் பார்.' 'தூக்கம் வருகிறதா? போய் முகம் கழுவிக்கொண்டு வா.' 'சிரிக்காதே, இதைக் கட்டாயம் கேட்பார்கள்.' எழுதியவன் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டிக் கொடுப்பதுபோல் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் அவன் காது மடல் சுட்டது.

'அவர் ஊரில் இருக்கும்வரை இது வேண்டாம். அவர் வண்டி ஏறட்டும். பிறகு நிதானமாக.'

வண்டி ஏறுகிற 'அவர்' வேறு யார்? வருடத்தில் ஒன்பது மாதம் ஆந்திராவிலும் சத்தீஸ்கரிலும் பூமியைத் துளைத்துவிட்டு, மழைக்காலத்தில் மட்டும் திருச்செங்கோட்டுப் புறநகரில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்து போகிற அவன்தான். இந்த முறை வந்து இரண்டு மாதம் ஆகிறது. வண்டி ஷெட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டு நிற்கிறது. ஆயுத பூஜை முடிந்து கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

மகளைப் பள்ளிக்கு அனுப்பியதும் தனப்பிரியா நூலகத்துக்குக் கிளம்பிவிடுவாள். திரும்ப நாலு மணி ஆகும். அரசு வேலைப் பரீட்சை இரண்டு தடவை நூலிழையில் கை நழுவிவிட்டது, இந்தத் தடவை விட மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அவனும் தடுக்கவில்லை. ஆனால் மனதுக்குள் ஒரு முள் அப்போதே இருந்தது. அவன் வெளியூரில் இருக்கும் மாதங்களில் ஃபோனில் பேசுவாள். சாப்பிட்டீங்களா, பாப்பாவுக்குச் சளி, கேஸ் சிலிண்டர் வந்தது, அவ்வளவுதான். நூலகத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் குரலில் ஒரு துள்ளல் வந்துவிடும். போன வாரம் படித்துக்கொண்டே தனியாகச் சிரித்தாள். என்ன என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்லீங்க என்று பக்கத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டியிருந்த தாளில் தேதி முத்திரைகள் வரிசையாக இறங்கின. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறேழு தடவை. ஒரே புத்தகம் அங்கே போகிறது, எழுத்தோடு இங்கே வருகிறது. ஃபோனில் பேசினால் மாட்டிக்கொள்ளலாம், மெசேஜ் அனுப்பினால் பார்த்துவிடலாம். நூலகப் புத்தகத்தை எந்தப் புருஷன் பிரித்துப் பார்க்கப் போகிறான்? நன்றாகத்தான் யோசித்திருக்கிறார்கள். இன்றோடு நூலகமும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம் என்று முடிவெடுத்து, புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பைக்கை எடுத்தான்.

கீழே ரேஷன் கடை, அதை ஒட்டி இ-சேவை மையம். இரண்டு வாசலிலும் கூட்டம். மாடியில் நூலகம். ஏறி உள்ளே போனதும் வெள்ளியங்கிரியின் குரல் வரவேற்றது. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், காலைப் பேப்பரை மத்தியானம் வரைக்கும் விடாதவர்.

"ஏப்பா ஜெகதீசா, நீயும் படிக்க வந்துட்டயா? பூமிக்குள்ள தண்ணி தீந்து போச்சா?"

ஜெகதீஸ்வரன் நீள மேசையில் இருந்த ஆண்களைக் கண்ணால் அளந்தான். இரண்டே பேர். தாடிக்காரனின் பின்னால் போய் அலமாரியில் எதையோ தேடுவதுபோல் நின்று அவன் நோட்டை எட்டிப் பார்த்தான். எழுத்தெல்லாம் வேலிக்கால் நட்டதுபோல் நேராக நின்றது. இவனில்லை. கட்டம் போட்ட சட்டைக்காரன் இங்கிலீஷில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். சட்டைப் பையில் ஒரு பென்சில் செருகியிருந்தது. இவன்தான் என்று ஜெகதீஸ்வரனுக்குக் கை பரபரத்தது. அதற்குள் அவன் ஒரு வரி தமிழில் எழுதினான். கோழி கிளறியதுபோல் இருந்தது.

நூலகர் சபீஹா நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்கண்ணா. தனப்பிரியா கீழ ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்கப் போயிருக்காங்க. வர நேரந்தான்."

அவன் புத்தகத்தை மேசைமேல் வைத்து இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து காட்டினான்.

"கெவுருமெண்டுப் புத்தகத்துல கண்டவனும் எழுதி வெச்சிருக்கறான். நீங்க இதையெல்லாம் பாக்கறதில்லீங்களா?"

"பென்சில்தானேண்ணா. பரீட்ச முடிஞ்சதும் அழிச்சுக் குடுத்துடறேன்னு சொல்லியிருக்காங்க."

"யாரு?"

அவன் விளையாடுகிறானோ என்று சபீஹா ஒரு கணம் பார்த்தாள்.

"என்னண்ணா இப்பிடிக் கேக்கறீங்க? உங்க ஊட்டுக்காரம்மா கையெழுத்துதான். அவங்களுக்கு அவங்களே எழுதிக்கறாங்க."

வெள்ளியங்கிரியின் பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. "சபீஹா, ஆயரம் அடிக்குக் கீழ தண்ணி இருக்குதா இல்லையான்னு சொல்ற ஆளு இவரு," என்றார்.

கட்டம் போட்ட சட்டைக்காரன் சிரித்தான். ஜெகதீஸ்வரனும் சிரிக்கப் பார்த்தான். நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டு விழுந்ததுபோல் முதலில் இருந்தது. எவனும் இல்லை. எவனுமே இல்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டான். அப்புறம்தான், ஒரு நீளமான பாடத்தின் தலைப்புக்குப் பக்கத்தில் தான் விரல் வைத்திருந்த வரியை மறுபடி பார்த்தான். 'அவர் வண்டி ஏறட்டும்.' எழுதியது ஒருவனாக இருந்தால் சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருக்கலாம். மனதைத் தேற்றிக்கொள்ள, எழுப்பிவிட, திட்ட, சிரிக்க வைக்க என்று அவளுக்கு அவளே போதுமாக இருந்தாள். அந்தப் புத்தகத்தில் அவனுக்கென்று இருந்தது அந்த ஒரு வரிதான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தனப்பிரியா கையில் வெள்ளைத் தாளோடு வந்தாள்.

"ஏனுங்க, நீங்க எங்க இங்க?" என்றவள் மேசையில் விரிந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. வந்து அதை மூடி, மார்போடு அணைத்துக்கொண்டாள். மகளைத் தூக்கிக்கொள்வதுபோல.

அவன் வாயில் ஒரு பொய்தான் வந்தது.

"மொதலாளி கூப்புட்டாரு தனம். வண்டி நாளைக்கே கெளம்புதாம்."

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். 'அதுக்குள்ளயா?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், சும்மா சொன்னேன் என்று சிரித்து, கீழே கூட்டிப் போய் டீ வாங்கிக் கொடுத்துவிடலாம். பரீட்சை முடிகிறவரை மகளைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

தனப்பிரியா ஹால் டிக்கெட்டை நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். நிமிராமலே சொன்னாள்.

"துணியெல்லாம் முந்தாநேத்தே தொவச்சு மடிச்சுப் பையில வெச்சுட்டனுங்க."