ஏரியல் ஓட்டை

எங்கள் லின்வுட் ஊரில் கதவுக்குக் கைப்பிடி இல்லாத வண்டிக்குத்தான் மரியாதை. என் வாடிக்கைக்காரப் பையன் டெல்மரின் நாற்பதாம் வருஷத்து ஃபோர்டு காரில் கைப்பிடிகளை அறுத்தெடுத்து, கூரையை நான்கு அங்குலம் தாழ்த்தி, வெட்டிய இடமெல்லாம் ஈயம் உருக்கி இழைத்து, பதினான்கு பூச்சு மெரூன் அடித்தவன் நான். கதவைத் திறக்க, ஒளித்து வைத்த பொத்தானை அழுத்த வேண்டும். அது எங்கே என்பது செய்தவனுக்கு மட்டும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை செய்தவனுக்கும் தெரியவில்லை.

கார் கண்காட்சிக்கு வண்டிகளை உள்ளே விடும் வாசலைப் பன்னிரண்டுக்கு மூடிவிடுவார்கள். டெல்மர் திங்கட்கிழமை கொரியாப் போருக்குக் கப்பலேறுகிறான். அடுத்த வருஷத்தைப் பற்றி அவனிடம் யாரும் பேசுவதில்லை. மணி பத்தரை. சாவி உள்ளே கிடக்க, சந்தோஷத்தில் இடுப்பாலேயே கதவைச் சாத்திவிட்டான்.

"திறங்கண்ணே."

பின் மட்கார்டுக்கு அடியில் தடவினேன். அங்கே பொத்தான் வைத்தது போன வாரத்து ஷெவர்லே வண்டிக்கு. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால்? அது யாருடைய வண்டி?

"அண்ணே, இன்னும் தடவுனா வண்டி தூங்கிடும்."

"வாயை மூடுறா!"

"கண்ணாடிய உடைச்சிரலாமா?"

"கூரைய இறக்கினப்ப அளந்து வெட்டின கண்ணாடிடா. வேற வெட்ட ரெண்டு நாளாகும்."

என் மனைவி ஆர்டித் காப்பியோடு வந்தாள். "ஏங்க, செவ்வாக்கிழமை சாப்பிடறப்ப சொன்னீங்களே? ரேடியோ ஏரியல் கம்பி இருந்த ஓட்டைய இந்தத் தடவை அடைக்கப் போறதில்ல, அதுக்குள்ளதான் பொத்தான்னு. என்ன மூளைன்னு வேற பீத்திக்கிட்டீங்க!"

முன்பக்கம் ஓடினேன். ஓட்டையே இல்லை. அந்த இடம் வழவழவென்று மின்னியது. வியாழக்கிழமை நானே தகடு வைத்து ஈயம் பூசி அடைத்திருக்கிறேன். வேலை முடியும்வரை கதவு திறந்தே கிடந்ததால் தெரியவில்லை. இருபது வருஷமாக எந்த வண்டி வந்தாலும் அதுதான் முதல் வேலை. ஓட்டையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. பொத்தான் வைத்தவனைத் திட்டுவதா, அடைத்தவனைத் திட்டுவதா? இரண்டு பேரும் நான்தான்.

"துளை போடுங்கண்ணே," என்றான் டெல்மர்.

போட்டேன். மெரூன் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. விரலை உள்ளே விட்டு அழுத்தினேன். கதவு 'டக்' என்று திறந்தது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது உள்ளே நுழைந்தோம். என் பதினான்கு பூச்சை ஒருவரும் பார்க்கவில்லை. அந்த அசிங்கமான ஓட்டைக்குள் விரல் விட்டுக் கதவைத் திறந்து பார்க்க வரிசை நின்றது. ஒவ்வொரு 'டக்'குக்கும் டெல்மர் குழந்தை போலச் சிரித்தான். கோபப்படுவதா, நானும் சிரிப்பதா என்று எனக்குப் புரியவில்லை.

ஞாயிறு மத்தியானம் வண்டியை என் கொட்டகையில் விட்டுச் சாவியைக் கொடுத்தான்.

"நீ வர்றதுக்குள்ள ஓட்டையச் சுத்தி அழகா பெயிண்ட் அடிச்சு வைக்கிறேன்டா."

"வேணாம்ணே. கிட்டப் போனா அடைச்சிருவீங்க. நான் வந்து திறக்கணும்."

அன்றிலிருந்து அந்த வண்டியைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்கிறேன்.