ஒட்டிக் கொடுத்த வார்த்தை

பத்திரிகை ஆபீசில் அவளுக்குக் 'கத்திரி' என்று பெயர். நிருபர்கள் நீட்டி முழக்கி அனுப்புவதை இருக்கிற இடத்துக்குள் அடக்குவதுதான் அவள் வேலை. 'ஆனால்', 'அதனால்', 'இருந்தாலும்' மேல்தான் முதலில் கை வைப்பாள். அதெல்லாம் இல்லாவிட்டாலும் படிக்கிறவர்களுக்குப் புரியும் என்பாள். அப்படி ஒரு தெனாவட்டு.

பக்கவாதம் வந்த அப்பாவுக்குப் பேச்சு திரும்பியபோதுதான் அந்தச் சொற்களின் அருமை அவளுக்குத் தெரிந்தது. சொற்கள் வந்தன, அவற்றைச் சேர்க்கிற சொற்கள் வரவில்லை. "தண்ணி. வேணாம். சூடு." சூடாக இருப்பதால் வேண்டாமா, சூடாக இல்லாததால் வேண்டாமா? அவளே எதையாவது யூகித்து முடித்துவைப்பாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் கும்பிடாத குறையாகச் சொன்னாள்: "அக்கா, நீங்க ஒட்டிக் கொடுக்காதீங்க. எவ்வளவு நேரமானாலும் அவரே முடிக்கட்டும்."

சொல்வது சுலபம்.

அப்பா தினமும் ஒன்றையே சொல்வார்: "அடிச்சேன். போயிட்டான்." தம்பியைப் பற்றித்தான். கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்தவனை, அந்தப் பெண்ணின் கண்ணெதிரிலேயே கன்னத்தில் அறைந்தார். அன்று போனவன் திரும்ப வாசல் மிதிக்கவில்லை. "அதனால இல்லப்பா, வேலை விஷயமா போனான்" என்று இவள் சமாளிப்பாள். அவர் முடங்காத கையால் கட்டிலைக் குத்துவார்.

எத்தனையோ கெஞ்சிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி போனில் பேச இறங்கி வந்தான். "சரி குடு. என்னதான் சொல்றாருன்னு பாப்போம்."

ஸ்பீக்கரைப் போட்டு அப்பாவின் மடியில் வைத்தாள்.

"அடிச்சேன்," என்றார் அப்பா. "நீ... போயிட்ட."

கண்ணை இறுக மூடிக்கொண்டு அடுத்த சொல்லோடு மல்லுக்கட்டினார். அந்தப் பக்கம் தம்பியின் மூச்சு மட்டும் கேட்டது. எங்கே வைத்துவிடுவானோ என்று இவளுக்குப் பதறியது.

"அப்பா என்ன சொல்ல வர்றாருன்னா, அடிச்சேன், ஆனா உன் நல்லதுக்குத்தான்..."

"அன்னைக்கும் இதையேதான் சொன்னாரு," என்றான் தம்பி. லைன் கட்டானது.

அப்பாவுக்கு அது தெரியவில்லை. அவர் வாய் அப்போதுதான் திறந்தது. "தப்பு," என்றார். மூச்சு வாங்கியது. "என்... தப்பு. வா."

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"கேட்டானா?" என்றார் அப்பா. அந்த முகத்தைப் பார்த்து எப்படி இல்லை என்பது?

"கேட்டான்பா."

சமையலறைக்குப் போய் மறுபடி மறுபடி போன் அடித்தாள். அவன் எடுக்கவில்லை. தப்பு என்னுடையது என்று அப்பா தன் வாயால் சொன்னார், வரச் சொன்னார் என்று எழுதி அனுப்பினாள். பதில் உடனே வந்தது: "இதையும் நீயாத்தானே சேர்க்கிற? போதும்க்கா."

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அப்பா தாடியைத் தடவிக் காட்டினார். அவள் சவரச் சாமானை எடுத்து வந்தாள்.

"வருவான்," என்றார். நுரை போட வசதியாகத் தானே முகத்தை நிமிர்த்திக் கொடுத்தார்.