தங்கைக்கு ஒன்றுமில்லை

விகாரை மண்டபத்தில் நடந்த ஈரல் பரிசோதனையின் முடிவுத் தாள்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, புன்லாமின் தாளில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போடப்பட்டிருந்தது. அவள் தங்கை சம்ரானின் தாளில் வட்டம் எதுவும் இல்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த செவிலி, வட்டத்தின் பொருளைக் குரலைத் தாழ்த்திச் சொல்லியிருந்தாள்.

"ஈரல்ல, பித்தக் குழாய்க்குப் பக்கத்துல ஒரு நிழல் தெரியுதும்மா. கட்டியா இல்லையான்னு கோன்கேன் டவுன் ஆஸ்பத்திரில பெரிய ஸ்கேன் எடுத்தாத்தான் சொல்ல முடியும். பதினஞ்சு நாளுக்குள்ள வந்துடுங்க. கட்டியாவே இருந்தாலும் இப்பச் சின்னது, வெட்டி எடுத்துடலாம். தள்ளிப்போட்டா அதுக்கு வழியில்லாமப் போயிடும்."

புன்லாம் தாளை நான்காக மடித்துத் தன் துணிப்பையில் வைத்தாள். அவளுக்குப் பயம் வரவில்லை. பயம் வர வேண்டிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. முன்னால் நடந்துகொண்டிருந்த சம்ரானின் தடித்த முதுகையும், அது குலுங்கக் குலுங்க அவள் யாருக்கோ பதில் சொல்லிச் சிரிப்பதையும் பார்த்தபோது, புன்லாமின் நெஞ்சில் எழுந்த கேள்வி ஒன்றே ஒன்று: இவளுக்கு ஏன் இல்லை?

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது என்பதை ஊரில் எவரும் மறுத்திருக்க மாட்டார்கள். தகப்பனார் நாற்பத்தெட்டு வயதில், பச்சை மீன் புழுவால் வரும் ஈரல் நோயில், கண்ணும் தோலும் மஞ்சளாகி, வயிறு வீங்கிச் செத்தபோது அக்காளுக்கு வயது இருபது, தங்கைக்குப் பதினாறு. குளத்து மீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, வறுத்த அரிசிப் பொடியும் எறும்பு முட்டையும் சேர்த்துப் பிசைகிற கொய்யை அன்றைக்கு விட்டவள் புன்லாம். முப்பத்தாறு ஆண்டுகளில் ஒரு கவளம்கூட அவள் வாயில் வைத்ததில்லை. சம்ரானோ அறுவடைக்கு அறுவடை ஆண்களோடு வட்டமாக உட்கார்ந்து, ஒட்டரிசிச் சோற்றை உருட்டி அதில் தொட்டுத் தின்றாள். மேலே அரிசிச் சாராயமும் குடித்தாள். "எலுமிச்சை பட்டதும் மீன் வெளுத்துப்போச்சு பாரு, வெந்துடுச்சு," என்பாள். அதைக் கேட்டு ஆண்களும் சிரிப்பார்கள்.

மறுநாள் காலை, முற்றத்துக்கு அப்பால் சம்ரானின் வீட்டிலிருந்து அரிசி வறுக்கும் மணம் வந்தது. சற்று நேரத்தில் பலகையில் கத்தி விழும் ஓசை. புன்லாம் சன்னலைச் சாத்தினாள். சாத்திய பிறகும் ஓசை கேட்டதால், தன் துணிகளையெல்லாம் எடுத்து, முன்பே ஒழுங்காக மடித்திருந்தவற்றை மறுபடியும் மடித்தாள்.

மூன்றாம் நாள் அவளுக்கு வெளிச்சம் கிடைத்தது. பரிசோதனையன்று அவள் கையில் இருந்த டோக்கன் நாற்பத்தொன்று, சம்ரானுடையது நாற்பத்திரண்டு. அடுப்பில் பானையை வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி, சம்ரான்தான் முந்திக்கொண்டு போய் ஸ்கேனுக்குப் படுத்தாள். அப்படியானால் எண்ணைப் பார்த்து எழுதியவர்கள் தங்கையின் ஈரலை அக்காளின் பெயரில் எழுதியிருக்க வேண்டும். நிழல் சம்ரானுடையது. இதை நினைத்த மாத்திரத்தில் புன்லாமுக்குப் பசித்தது. மூன்று நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அன்று மாலையே சுகாதாரத் தொண்டர் ரம்பையின் வீட்டுக்குப் போய்ப் பிழையைத் திருத்தித் தரும்படி கேட்டாள். ஊரில் எழுபது குடும்பங்களுக்குக் கொசு மருந்திலிருந்து இரத்த அழுத்தம் வரை பார்க்கிறவள் ரம்பை. மருத்துவமனையில் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாள். புன்லாம் காத்திருந்தாள். பிழையைத் திருத்தாத வரையில் கோன்கேனுக்குப் போவதில்லை என்று தீர்மானித்திருந்தாள்; தனக்கில்லாத நோய்க்குத் தான் ஏன் போய் நிற்க வேண்டும்? பதினைந்து நாளில் பன்னிரண்டு கழிந்தன.

பதின்மூன்றாம் நாள் ரம்பை வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே, அழைக்காமலே, சம்ரானும் வந்தாள்.

"அக்கா, இன்னும் கெளம்பலியா நீ?" என்றாள் ரம்பை. "ஆஸ்பத்திரிலேருந்து போன் மேல போன் வருது. என்னைத்தான் திட்டுறாங்க."

"நான் கேட்டதுக்குப் பதில் வந்துச்சா?"

"வந்துச்சு. படுத்தவுடனே பேரைக் கேட்டுத்தான் எழுதுனாங்களாம். டோக்கனைப் பாக்கவே இல்லையாம்."

"அப்படித்தான் சொல்லுவாங்க. தப்புப் பண்ணினவன் ஒத்துக்குவானா? நான் கொய்யைத் தொட்டு முப்பத்தாறு வருஷம் ஆச்சுடி!"

ரம்பை கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் ஆறு சாடிகள், வாய்கள் ஒரே மாதிரியாகத் துணிகட்டி, உயர வரிசையில் நின்றன. புன்லாமின் புளித்த மீனுக்கு அக்கம்பக்கத்து நான்கு ஊர்களில் பெயர்.

"சரி, இந்தச் சாடி மீனை எப்படிச் சாப்பிடுவே? சுட்டா?"

"மூணு நாள் உப்புலயும் பூண்டுலயும் ஊறிப் புளிச்சுக் கெடக்குது. இதை எதுக்குச் சுடணும்? புளிச்சாலே வெந்த மாதிரிதானே."

தான் சொன்னது யாருடைய வாக்கியத்தைப் போல இருந்தது என்பது புன்லாமின் காதிலேயே விழுந்துவிட்டது.

"மூணு நாள்ல அந்தப் புழு சாகாதுக்கா," என்றாள் ரம்பை மெதுவாக. "அதுவும் பச்சை மீனுதான்."

"அப்ப இவ? இவ ரெண்டையும்தானே தின்னா?"

"எனக்கு உன் புளிச்ச மீன் புடிக்காதுக்கா," என்றாள் சம்ரான். "நீ குடுக்கிறதையெல்லாம் என் வீட்டுக்காரருதான் தின்னாரு. சொன்னா நீ சண்டைக்கு வருவேன்னு சொல்லல."

"இவளுக்கு ஏன் வரலேன்னு எந்த டாக்டருக்கும் தெரியாதுக்கா. அடுத்த வருஷம் வரலாம்," என்றாள் ரம்பை.

"இந்த வருஷமே வந்திருக்கு! தாள் மாறிப்போச்சு!"

சம்ரான் தன் தாளைத் தரையில் விரித்தாள். புன்லாமின் துணிப்பையை எட்டி எடுத்து, அந்தத் தாளையும் பிரித்துப் பக்கத்தில் வைத்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் அவள். விரலை வைத்துப் படித்தாள்.

"உன் தாள்ல, 'பித்தப்பை இயல்பு'ன்னு போட்டிருக்கு. என்னோடதுல, 'பித்தப்பை இல்லை.'" அவள் சட்டையின் ஓரத்தைத் தூக்கினாள். வலது விலாவுக்குக் கீழே வெளுத்த தழும்பு. "கல்லுன்னு சொல்லி இதை வெட்டி எடுத்தப்ப எட்டு நாள் என் கட்டிலுக்குக் கீழ பாய் விரிச்சுப் படுத்திருந்தது யாரு? நீதானே?"

புன்லாம் தழும்பைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை இல்லை. தாள் கையில் வந்த அன்றே அந்த வரியை அவள் படித்துவிட்டாள். படித்ததை நினைவுக்கு வராமல் இத்தனை நாள் அழுத்தி வைத்திருந்தாள்.

"தாள் மாறியிருந்தா நீ சந்தோசப்பட்டிருப்பியாக்கா?" என்றாள் சம்ரான்.

ரம்பை எழுந்து கதவோரம் போய் நின்றாள்.

"பட்டிருப்பேன்," என்றாள் புன்லாம். "மூணாம் நாள் பட்டேன். வயிறு நெறையச் சோறு தின்னேன்."

சம்ரானின் முகம் கோணியது. அவள் அழுவாள் என்று புன்லாம் எதிர்பார்த்தாள். அவளோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, அப்படியே இரு," என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போகாமலே கெடந்து செத்துப்போ. நீ போனப்புறம் உன் சாடியெல்லாம் நான் வெளியில எடுத்துப் போட்டுட்டு, இதே கூடத்துல நாலு பேரைக் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கொய் தின்பேன். பாயைக்கூட மடிக்க மாட்டேன்."

புன்லாமின் கண் முன்னால் அது நடந்தது. அவளுடைய கூடம், மீன் ஒட்டிய கையோடு ஆண்கள், தரையெல்லாம் சோற்றுப் பருக்கை, நடுவில் சப்பணமிட்டு, எழுபது வயதிலும் எண்பது வயதிலும் சிரித்துக்கொண்டு சம்ரான். ஈரலுக்குள் இருந்த நிழலைவிட இந்தக் காட்சி அவளை எரித்தது.

"கோன்கேனுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்று ரம்பையைக் கேட்டாள். "உனக்கு முன்னாடி நான் சாக மாட்டேன்டி. அந்த ஆசையை விட்டுடு."

மருத்துவமனைக் கூடத்தில் நீண்ட பெஞ்சுகளில் ஏறக்குறைய முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் தாளிலும் சிவப்பு வட்டம் இருந்தது. ஸ்கேனுக்காக எவரும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஆகவே எல்லாரும் பேசினார்கள். ஒருவர் தம் தம்பியைப் பற்றிச் சொன்னார்: அவன்தான் தினமும் குடித்தான், அவனுக்கு ஒன்றுமில்லையாம். ஓர் அம்மாள் தன் கணவனைச் சபித்தாள்: அவருக்காகத்தான் கொய் செய்தேன், உப்புப் பார்த்ததோடு சரி. ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு சம்ரான் இருந்தாள். தன்னுடையது மட்டுமே நியாயமான எரிச்சல் என்று நம்பியிருந்த புன்லாமுக்கு இது பிடிக்கவில்லை.

"உன் தாள் எங்கம்மா?" என்று எதிரிலிருந்த கிழவர் சம்ரானைக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல தாத்தா. அக்காவுக்குத் துணையா வந்தேன்."

முப்பது முகங்களும் திரும்பின. கணவனைச் சபித்த அம்மாள் சம்ரானை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லேன்னா வீட்டுல கெடக்க வேண்டியதுதானே? எங்க மூஞ்சியையெல்லாம் பாத்துட்டுப் போகலாம்னு வந்தியா? உடம்பைப் பாரு, எருமை மாதிரி!"

சம்ரான் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வாயடைத்து உட்கார்ந்ததைப் புன்லாம் தன் ஆயுளில் முதன்முறையாகப் பார்த்தாள். பதின்மூன்று நாளாகத் தான் ஏங்கிய காட்சி அதுதான். கிடைத்ததும் அது கசந்தது.

"இந்தாம்மா," என்றாள் புன்லாம், கூடம் முழுவதும் கேட்கும்படி. "அவளை எருமைன்னு சொல்றதுக்கு நான் ஒருத்தி இருக்கேன். நீ உன் புருசனைத் திட்டு."

யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். உள்ளேயிருந்து புன்லாமின் பெயரை முழுமையாகக் கூப்பிட்டார்கள்.

அவள் எழுந்து பாவாடை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். சம்ரானின் மடியில் ஒட்டரிசிக் கூடையும் வறுத்த கோழியும் இருந்தன, மணம் வந்துகொண்டிருந்தது.

"நான் வெளிய வர்ற வரைக்கும் நீயும் தின்னக் கூடாது."

"எவ்வளவு நேரம் ஆகும்கா?"

"எவ்வளவு நேரம் ஆனாலும்."

"சரிக்கா."

கதவருகே போய் நின்று, கூடையின் மூடி மூடியபடியே இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, புன்லாம் உள்ளே போனாள்.