சின்சுவின் விறகுக்கட்டு

வீட்டுக்குப் பின்னால் மண்வெட்டி விழும் சத்தம் கேட்டதும் செனாமி தம்பியின் காதுகள் இரண்டையும் பொத்தினாள். சாக்போ அதை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தான். அவனோடு பிறந்த இரட்டை, சின்சு, காய்ச்சலில் கிடந்து விடியற்காலை இறந்துபோனான். அப்பா அவனைப் பாயில் சுற்றித் தூக்கிப் போனபோது அம்மா இடுப்புத் துணியின் நுனியை வாயில் திணித்துக்கொண்டாள். அந்த ஊர் வழக்கப்படி இரட்டையில் ஒன்று போனால் அழக்கூடாது. செத்தான் என்று மற்றவன் காதுபடச் சொல்லவும் கூடாது. சொன்னால் அவனும் பின்னாலேயே போய்விடுவான்.

அத்தை செனாமியைத் தனியே இழுத்துப் போனாள். "அண்ணன் தம்பி எங்கேன்னு சாக்போ கேட்டா விறகுக்குப் போயிருக்கான்னு சொல்லு. வாய் தவறுச்சுன்னா இருக்கிறவனையும் நீதான் கொன்னே."

பத்து வயதுப் பெண்ணிடம் பேசுகிற பேச்சா அது?

சாக்போ கேட்டான். எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். அவன் நம்பினான். அந்த ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் விறகுக்குப் போகிறவர்கள்தான். தன்னை விட்டுவிட்டுப் போனதில்தான் அவனுக்குக் கோபம்.

செய்தி கேட்டு வந்தவர்களுக்குச் சோளக்களி கிண்ட விறகு போதவில்லை. செனாமி கயிற்றை எடுத்துக்கொண்டு தேக்குத் தோப்புக்குப் போனாள். அங்கே யாரும் இல்லை. ஆசை தீர அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு சுமையோடு திரும்பியபோது சாக்போ வாசலில் நின்றான்.

"சின்சுவப் பாத்தியாக்கா?"

முற்றத்தில் இருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"பாத்தேன்."

"ஏன் கூட்டியாரல?"

"கட்டு இன்னும் சேரலடா. சேர்ந்ததும் வருவான்."

சாக்போ யோசித்தான். "அவனுக்குக் கட்டத் தெரியாது. நான் போயி கட்டிக் குடுக்கிறேன்" என்று பாதையில் இறங்கிவிட்டான்.

செனாமி சுமையைப் போட்டுவிட்டு ஓடி அவன் இடுப்பைப் பிடித்தாள். அவன் உதைத்தான், கையைக் கடித்தான். அவள் விடவில்லை. சாக்போவும் பின்னாலேயே போய்விடக்கூடாது என்று சொன்ன பொய்தான் இப்போது அவனை இழுத்தது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை முழுவதும் சாக்போ முற்றத்தில் குனிந்தபடி திரிந்தான். சுள்ளி, காய்ந்த சோளத்தண்டு, களி கிண்டும் உடைந்த துடுப்பின் காம்பு என்று பொறுக்கி, கந்தல் துணியால் கட்டினான். செனாமியின் முன்னால் கொண்டுவந்து வைத்தான்.

"சின்சு கட்டு சேர்ந்துடுச்சு. போயி வரச் சொல்லுக்கா."

அத்தை எதையோ தேடுவது போல உள்ளே போனாள். அப்பா எழுந்து ஆட்டை அவிழ்க்கப் போனார். செனாமி கயிற்றை எடுத்துக்கொண்டு பாதையில் இறங்கினாள்.

வளைவில் திரும்பிப் பார்த்தாள். சாக்போ அந்தக் கட்டைத் தலையில் வைத்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பார்ப்பதைக் கண்டதும், பாரமே இல்லை என்று காட்ட ஒரு கையை விட்டான்.